அல்லிப்பூ மணப்பாகு சுகருக்குக் கேட்குமா?

ஜனவரி 11, காலை (கேள்வி)

அப்பாவுக்கு வயது 62. வெறும் வயிற்றில் சுகர் 190. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டிருக்கிறார். வெள்ளை அல்லிப்பூ மணப்பாகு வேளைக்கு 15 மில்லி, காலை மாலை ஒரு மண்டலம் குடித்தால் நீரிழிவு வேரோடு போய்விடுமாம். ஆன்லைனில் பாட்டில் கிடைக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

தம்பி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 12

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வைத்தியர் என்று நினைத்துக்கொள்வீர்கள். கும்பகோணத்தில் மாமாவின் நாட்டு மருந்துக் கடையில் சரக்கு அறையிலும் கல்லாவிலும் பல வருடம் இருந்தவன். மருந்து கொடுக்கத் தெரியாது. மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியும்.

மணப்பாகு என்றால் என்ன? பூவின் சாற்றையோ கஷாயத்தையோ சீனியோடு காய்ச்சி எடுத்த பாகு. அது கெடாமல் இருக்க வேண்டுமானால் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது சீனி வேண்டும். அதற்குக் கீழே போனால் பத்து நாளில் நுரைத்துக்கொண்டு மூடியைத் தள்ளும். ஆக 15 மில்லி பாகு கிட்டத்தட்ட 20 கிராம் எடை, அதில் சுமார் 13 கிராம் சீனி. காலையும் மாலையும் சேர்த்தால் 26 கிராம். காபியில் அரை ஸ்பூன் சீனி போட்டதற்கு உங்கள் அம்மா அப்பாவைத் திட்டியிருப்பார். இதை மருந்து என்று சொல்லி அவரே ஊற்றிக் கொடுப்பார்!

பனங்கற்கண்டு போட்டால் பரவாயில்லையா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கற்கண்டும் சீனிதான் ஐயா. பனையில் இருந்து வந்தால் சர்க்கரை ஏறாது என்று யார் சொன்னது?

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

செய்தி முழுக்கப் பொய் என்று சொல்லிவிட்டும் போக முடியாது. சித்த மருத்துவத்தில் அல்லிப்பூவுக்கு இனிப்பும் துவர்ப்பும் சுவை, குளிர்ச்சி வீரியம். தாகம், உடல் சூடு, நீர்க்கடுப்பு, இரத்தப்போக்கு, பித்தத்தால் வரும் கிறுகிறுப்பு என்று பயன் சொல்வார்கள். நீரிழிவும் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் அந்தக் காலத்து வைத்தியர் முன்னால் இருந்தது ஓயாமல் நீர் போகிறது, நா வறள்கிறது, உடம்பு எரிகிறது என்று வந்து உட்கார்ந்த ஆள். தாகம் தணிந்தால் அவருக்கு நிம்மதி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதா என்று பார்க்க அப்போது கருவி ஏது?

சென்னை லயோலா கல்லூரி ஆய்வாளர்கள் நீல அல்லிப் பூவில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து நிம்ஃபயால் என்று பெயர் வைத்தார்கள். செயற்கையாகச் சர்க்கரை நோய் வரவைத்த எலிகளுக்கு அதைக் கொடுத்ததில் சர்க்கரை இறங்கியது, கணையத்தின் பீட்டா செல்களும் ஓரளவு மீண்டன என்று 2009-ல் கட்டுரை வந்தது. நல்ல வேலைதான். ஆனால் எலிக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த பொருள், பாகு இல்லை. பூவும் நீல அல்லி, சித்தப்பா அனுப்பிய வெள்ளை அல்லி இல்லை. எலிக்கும் உங்கள் அப்பாவுக்கும் நடுவில் இன்னும் நிறைய படி இருக்கிறது.

ஜனவரி 13

"அப்போ சீனி இல்லாமல் குடிநீராக, அதாவது கஷாயமாக?" என்று கேட்கிறீர்கள். காய்ந்த இதழ் ஒரு பிடி, இரண்டு டம்ளர் தண்ணீர், பாதியாகச் சுண்ட வைத்து வடிகட்டிக் குடிக்கலாம். துவர்ப்பான வெந்நீர் மாதிரி இருக்கும், ரசிக்க ஒன்றும் இல்லை. மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதானால் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள். அது பேசும், வாட்ஸப் பேச வேண்டாம்.

ஜனவரி 19

ஆன்லைனில் வாங்கிய "அல்லிப்பூ" பொட்டலத்தின் படத்தை ஒருவர் போட்டிருக்கிறார். அண்ணே, அது தாமரை இதழ். உள்ளங்கை அகலத்துக்குத் தோணி மாதிரி குழிந்த இதழ் அல்லிக்குக் கிடையாது. அல்லி இதழ் விரல் அகலம்தான், நுனி ஒடுங்கியிருக்கும். முழுப்பூவாகக் காய வைத்திருந்தால் இன்னும் சுலபம். வெளியே நாலு புறவிதழ் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளிப்பக்கம் பழுப்புப் பச்சை, உள்பக்கம் வெளுப்பு. தாமரை என்றால் நடுவில் பொகுட்டு, ஷவர் தலை மாதிரி ஓட்டையோடு, காய்ந்தாலும் விடாமல் இருக்கும்.

மொத்தக் கடையில் இது தினம் நடக்கிற விஷயம். தாமரை மலிவு, கோயில் வாசலில் மிஞ்சியதைக்கூட உலர்த்தி மூட்டை கட்டலாம். அல்லி பறிக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும், பறித்த அன்றைக்கே நிழலில் பரப்ப வேண்டும். விட்டால் ராத்திரிக்குள் கொழகொழத்துக் கறுத்துவிடும். எங்கள் கடைக்கு வந்த ஒரு மூட்டையில் மேலே அல்லி, கையை உள்ளே விட்டால் முழுக்கத் தாமரை. அனுப்பியவரிடம் கேட்டதற்கு "ரெண்டும் குளிர்ச்சிதானே" என்றார். குளிர்ச்சிதான். அதற்காகக் கொய்யா கேட்டவனுக்கு நெல்லிக்காய் கொடுக்க முடியுமா?

தாவரவியல்படி பார்த்தால் இரண்டும் நெருங்கிய சொந்தம்கூட இல்லை. தாமரை தனிக் குடும்பம். நிலத்தில் நிற்கிற பிளேன் மரம் (குளிர்நாட்டு நிழல்மரம்) இருக்கிறதே, அதற்குத்தான் அது சொந்தம், அல்லிக்கு இல்லை.

குளத்தில் பார்க்கும்போது பூவைவிட இலையைப் பாருங்கள். தாமரை இலை தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும், வட்டம் முழு வட்டம், தண்ணீர் ஒட்டாது. அல்லி இலை தண்ணீரில் படுத்திருக்கும், காம்பு சேரும் இடம் வரை ஒரு வெட்டு இருக்கும். வெள்ளை அல்லியின் இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் செந்நீலம், தடவினால் மெல்லிய ரோமம் கைக்குத் தெரியும். விளிம்பு வாள் பல் மாதிரி. நீல அல்லியின் இலை அடியில் வழவழ என்று இருக்கும்.

ஜனவரி 20

நேற்று எழுதியதோடு ஒன்று. "செங்கழுநீர்க் கிழங்கு" என்று கேரளத்துச் சரக்காக வருவதைச் சிவப்பு அல்லியின் கிழங்கு என்று எண்ணி வாங்காதீர்கள். அது இஞ்சிக் குடும்பத்துச் செடி, தரையில் முளைப்பது. மோந்து பார்த்தாலே தெரியும், அல்லிக் கிழங்குக்கு அந்த வாசனை கிடையாது.

நர்சரியில் விற்கும் மஞ்சள், ஊதா, ரோஸ் அல்லிகள் பெரும்பாலும் கலப்பு ரகம். அழகுக்கு வளர்க்கலாம், பாகு காய்ச்ச வேண்டாம். எந்தப் பூச்சிமருந்து அடித்து வளர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

பிப்ரவரி 2

பெரும்பாட்டுக்கு (மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கு) அல்லி கேட்ட அக்காவுக்கு.

இந்தப் பயன் பழையது, நாடு முழுக்கப் பரவியது. நீங்கள் ஏற்கெனவே குடித்தும் இருப்பீர்கள், தெரியாமல். அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்துப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். அசோகப்பட்டை, தாதகிப்பூ, திரிபலா, சுக்கு, சீரகம், ஆடாதோடை, சந்தனம் என்று போகும் வரிசையில் உத்பலம் என்று ஒன்று இருக்கும். அதுதான் நீல அல்லி. குழந்தைகளுக்குக் கொடுக்கும் அரவிந்தாசவத்திலும் தாமரையோடு நீலோற்பலம் உண்டு. முகத்துக்குத் தடவும் குங்குமாதி தைலத்திலும் உண்டு. பூவில் துவர்ப்புச் சத்து இருப்பதால் சிறு கசிவைச் சுருக்கிப் பிடிக்கும் என்பது நம்பக்கூடிய விஷயம்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் ஒன்றுவிட்ட அக்காவுக்கு மாதம் பதினைந்து நாள் போக்கு. "சூடுதான், குளிர்ச்சியாகக் குடி" என்று ஒரு வைத்தியர் அல்லிக் குடிநீரும் மணப்பாகும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். அவளும் எட்டு மாதம் குடித்தாள். மாடிப்படி ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, ஹீமோகுளோபின் ஆறு. இரத்தம் ஏற்றித்தான் அறுவைக்கே அழைத்துப் போனார்கள். சரக்கு எங்கள் கடைச் சரக்கு, சுத்தமான அல்லிதான். கட்டியை அது என்ன செய்யும்?

ஆகவே அக்கா, ஸ்கேன் முதலில். காரணம் தெரிந்தபின் டாக்டரும் சரி என்றால், சித்த வைத்தியம் பார்க்க வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, படித்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் பேச்சே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 3

அக்கா தனிச்செய்தி அனுப்பியிருந்தார். நேற்று எழுதியது கடுமையாக இருந்ததாம். இருக்கட்டும்.

பிப்ரவரி 16

சரி, செய்முறை. இவ்வளவு பேர் கேட்கிறீர்கள். இது சர்க்கரை இல்லாதவர்களுக்கு, வெயிலில் அலைந்து வந்தால் குடிக்கிற சர்பத்தாக மட்டும்.

வெள்ளை அல்லி பொழுது சாய்ந்தபின் மலரும், காலை ஒன்பது பத்து மணிக்கு மூடிக்கொள்ளும். அதனால் விடியலில் பறிக்க வேண்டும். நீலம் நேர் எதிர், வெயில் வந்தபின் விரியும், சாயங்காலம் கண்ணை மூடும். ஒரு பூ மூன்று நாலு நாள் இப்படி விரிந்து மூடிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும். முதல் நாள் பூவைச் சாய்த்துப் பாருங்கள், நடுக் கிண்ணத்தில் துளி நீர் நிற்கும். மகரந்தம் பூசிக்கொண்டு வரும் பூச்சி அதில் வழுக்கி விழும், அப்படித்தான் சூல் பிடிக்கிறது. நமக்கு அதனால் வேலை, ஒவ்வொரு பூவையும் கவிழ்த்துத் தட்ட வேண்டும். தட்டாமல் போட்டால் பாகில் கறுப்புக் கறுப்பாக மிதப்பது எள் இல்லை.

புறவிதழையும் நடுவில் உள்ள மகரந்தக் கேசரத்தையும் கிள்ளி எறிந்துவிட்டு வெள்ளை இதழை மட்டும் எடுங்கள். கால் கிலோ இதழ் என்றால் கூடை நிறைய இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, அரை லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு ஒரு கொதி விட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, பிழியாமல் விடுங்கள். பிழிந்தால் கசடு இறங்கிப் பாகு கலங்கும். வடிந்த நீரின் எடைக்கு இரண்டு மடங்கு சீனி. சிறு தீயில் ஒரு கொதி வந்து சீனி கரைந்ததும் இறக்கிவிடலாம், கம்பிப் பதம் வரை போனால் பாட்டிலில் கற்கண்டாகிவிடும். எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி வேண்டாம், துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மைக் கறுப்பாகும்.

நிறம் வெளிர் தேன் நிறம்தான் வரும். கடையில் பளபளவென்று ரோஸ் நிறத்தில் இருந்தால் அது சாயம். நீலப் பூவில் செய்தால் வேறு வேடிக்கை, எலுமிச்சை பிழிந்ததும் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

யுனானியில் இதே வேலைக்கு ஷர்பத் நீலோஃபர் என்று ஒன்று உண்டு, காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் கொடுப்பார்கள். ரமலானில் ரூஹ் அஃப்ஸா குடித்தவர்கள் அல்லிப்பூவை ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டார்கள், அதன் பழைய கூட்டுச் சரக்கில் தாமரையோடு அல்லியும் இருக்கிறது.

பிப்ரவரி 17

எந்தக் குளத்தில் பறிப்பது என்று கேட்கவே இல்லையே யாரும்? முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

நீர்ச்செடிகள் சேற்றில் உள்ள ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், முக்கியமாகக் கிழங்கும் வேரும். சாக்கடை இறங்கும் ஏரியில் பூ என்னவோ ஜம்மென்றுதான் பூக்கும். பூவைப் பார்த்துத் தண்ணீர் சுத்தம் என்று நம்பாதீர்கள். பட்டறை, சாயப்பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பூவைக் குளத்துத் தண்ணீரோடு கசக்கிக் கண்ணில் விடச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது. கண் சிவப்புக்கு அல்லி என்பது பழைய பழக்கம்தான், மூடிய இமைமேல் குளிர்ந்த இதழை வைத்துப் படுப்பார்கள், அதில் தப்பில்லை. கண்ணுக்குள் குளத்து நீர் விட்டால் அகந்தமீபா என்று ஒரு கிருமி கருவிழியைத் தின்னும். அந்த வீடியோவை அனுப்பியவரை பிளாக் செய்யுங்கள்.

மார்ச் 8

மட்டக்களப்பிலிருந்து ஒரு அண்ணர் எழுதியிருக்கிறார். அங்கே அல்லி விதையை ஓலு அரிசி என்று சமைப்பதாகவும் சர்க்கரை உள்ளவர்கள் விரும்பிச் சாப்பிடுவதாகவும். ஆமாம், இலங்கையில் சிங்களவர் தமிழர் இருவரிடமும் உள்ள பழக்கம். நீல அல்லியை 1986-ல் தேசிய மலராகவும் அறிவித்தார்கள், நில் மானெல் என்று. வங்காளதேசத்துக்கு வெள்ளை அல்லி. அவர்கள் தண்டையே இறால் போட்டுக் குழம்பு வைத்துவிடுகிறார்கள், தேசிய மலரையே கறி வைக்கிற நாடு அது.

நம் பக்கத்தில் அல்லி அரிசிக்கு வேறு கதை. புறநானூறு 248-ல் ஒரு பெண் சொல்கிறாள். சின்ன வயதில் இடுப்பில் தழையாகக் கட்டிய வெள்ளாம்பல் (வெள்ளை அல்லி), கணவன் செத்தபின் வேளை தப்பித் தின்னும் புல்லரிசியாகிவிட்டது என்று. கைம்பெண்ணுக்கு நெல்லரிசி கிடையாது, ஆம்பல் விதைதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் தண்டனையாகத் தின்றதை இன்றைக்குப் "பாரம்பரிய சிறுதானிய சூப்பர் உணவு" என்று கிலோ கணக்கில் விற்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

காய் தண்ணீருக்கு அடியில் பழுக்கும். பழுத்து வெடித்தால் விதை கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு மூழ்கிவிடும், அதற்குள் அள்ள வேண்டும். அதனால் முற்றிய காயாகவே பறித்து, குவித்து அழுக விட்டு, கழுவி, காய வைப்பார்கள். கடுகைவிடச் சின்ன விதை. அந்த உழைப்புக்கு அவர்கள் கேட்கிற விலை நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 9

ஓலு அரிசி மாவுச்சத்துதான். அளவாகச் சாப்பிடுங்கள். இதையும் "சுகருக்கு மருந்து" என்று யாராவது ஃபார்வர்டு செய்வதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 4

"ப்ளூ லோட்டஸ் டீ" பற்றி ஒரு பெங்களூர்த் தம்பி. தூக்கம் வரும், கனவு வரும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதாம். அது லோட்டஸும் இல்லை, நைல் நதி நீல அல்லி. நம் நீல அல்லியின் பங்காளி, அதன் ஒரு வகை என்றே சேர்ப்பவர்களும் உண்டு. எகிப்தியர் கல்லறை ஓவியத்தில் விருந்தாளிகள் அதை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 1922-ல் திறந்த துட்டன்காமன் கல்லறையில் அரசனின் கழுத்து மாலையில் அதன் இதழ்கள் இருந்தன. மோந்து பார்த்தவர்கள் அவர்கள். நீங்கள் 40 கிராம் பாக்கெட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துக் காய்ச்சிக் குடிக்கிறீர்கள். பாக்கெட் படத்தில் இருப்பதோ சங்குப்பூ மாதிரித் தெரிகிறது. சங்குப்பூ என்றால் வேலியில் இருக்கிறது, காசு வேண்டாம்.

மே 10

குளம் வற்றிவிட்டது, அல்லிக் கிழங்கு தோண்டலாமா என்று கேட்ட மன்னார்குடிக்காரருக்கு: தோண்டுங்கள், குளம் சுத்தமாக இருந்தால். வெடித்த சேற்றுக்கு அடியில் முண்டு முண்டாகக் கறுப்புத் தோலோடு இருக்கும். தோலோடு வேகவைத்து உரித்தால் உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை, மாவாக இருக்கும், கடைசியில் நாக்கில் சிறு கசப்பு. வயிற்றுப்போக்குக்கும் மூலத்துக்கும் இதைச் சொல்வார்கள். பச்சையாக மட்டும் கடிக்காதீர்கள், நீர்ச்செடிகளின் மேல் குடல் புழுவின் இளம்புழுக் கூடு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கொதித்தால் செத்துப்போகும். எல்லாவற்றையும் தோண்டிவிடாமல் பாதியை விட்டு வையுங்கள், ஐப்பசி மழைக்கு அதுதான் முளைக்கும். ஏற்கெனவே பாதிக் குளத்தை ஆகாயத்தாமரை தின்றுவிட்டது.

மே 11

மாடியில் தொட்டியில் வளர்க்கக் கேட்டவர்களுக்கு, மொத்தமாக ஒரே பதில். அகலமான சிமெண்ட் தொட்டி, அடியில் வயல் களிமண் ஒரு சாண், மேலே முழங்கை ஆழம் தண்ணீர். தென்னை நார்த்தூள், மண்புழு உரம் என்று போட்டால் எல்லாம் மேலே மிதக்கும். குறைந்தது ஆறு மணி நேர வெயில். தண்ணீர் அசையாமல் இருக்கட்டும், அல்லிக்கு மேலே நீர் கொட்டினால் பிடிக்காது. கொசுவுக்கு நாலு கப்பி மீன் விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சிக்கு எழுதிப் போடுவார். பூத்தால் படம் போடுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், அப்போதுதான் எந்த அல்லி என்று சொல்ல முடியும்.